ஓட்டுக்குத் தாய்ப் பாஷை ஏது?

தேர்தல் வந்துவிட்டால் சிலருக்கு ஒரு சந்தேகமும் கூடவே வந்துவிடுகிறது. "இந்த அபேட்சகர் வீட்டில் என்ன பாஷை பேசுகிறார்?" என்பதே அது. விருதுநகர் ஜில்லாவுக்கு வந்து இப்படிக் கேட்பவர்கள் கொஞ்சம் யோசித்துக் கேட்பது நல்லது.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் தொடங்கி, வெம்பக்கோட்டை, சாத்தூர், ராஜபாளையம் என்று ஒரு சுற்றுப் போய் வாருங்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வந்தால் தமிழ் என்று தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்கள் இந்தக் கரிசல் பூமியில் எத்தனையோ! பயர் ஆபீஸில் எல்லோரும் ஒன்றாகத்தான் வேலை செய்கிறார்கள். வெடி மருந்து பாஷை பார்த்துச் சுடுவதில்லை.

பிரிந்த ராஜ்யம்

ராஜபாளையம் குமாரசாமி ராஜா வீட்டில் தெலுங்கு பேசியவர். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தை ஆண்டார். அப்போது அது தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் எல்லாம் சேர்ந்த கூட்டுக் குடும்பம். சட்டசபையில் 375 ஸ்தானங்கள். 1952 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் மெஜாரிட்டி கிடைக்கவில்லை.

பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பர் 15-ல் உயிர் துறந்தார். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா தனியாயிற்று. 'தமிழ்நாடு' என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக விருதுநகர் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதமிருந்து 1956 அக்டோபர் 13-ல் மாண்டார். அடுத்த மாதமே மலபார் கேரளத்துக்கும் தென் கன்னடம் மைசூருக்கும் போயின. அவர் கேட்ட பெயர் 1969 ஜனவரி 14-ல்தான் வந்தது.

ராஜ்யம் பிரிந்தது; நம் ஊர் ஜனங்கள் பிரியவில்லை. இரண்டு பாஷையும் புழங்கும் சாத்தூர் தொகுதி 1957-லும் 1962-லும் காமராஜரைத் தேர்ந்தெடுத்தது. 1967-ல் அவர் பிறந்த விருதுநகரே அவரை 1,285 ஓட்டில் தோற்கடித்தது! சொந்த ஊரும் சொந்த பாஷையும் அன்று ஓட்டாக மாறவில்லை.

போடோலாந்து சொல்லும் பாடம்

அஸ்ஸாமில் போடோலாந்து என்று ஒரு சுயாட்சிப் பிரதேசம் இருக்கிறது. போடோ, அஸ்ஸாமி, வங்காளி, சந்தாலி எனப் பல பாஷைகள். ரத்தம் சிந்திய பூமியாகையால், 2003-ல் ஒப்பந்தம் செய்து கவுன்சில் அமைத்தார்கள். தேர்தல் நடக்கும் 40 ஸ்தானங்களில் 30 பழங்குடியினருக்கு என்று ஒதுக்கினார்கள். அங்கே அது அவசியமாயிற்று.

ஆனால் 2025 செப்டம்பரில் நடந்ததென்ன? ஆண்ட கட்சியை 7 ஸ்தானத்தில் நிறுத்திவிட்டு, எதிர்க் கட்சிக்கு 28 கொடுத்தார்கள். ஜெயித்த தலைவரும் போடோ. தோற்ற தலைவரும் போடோ! ஸ்தானத்தில் யார் உட்காரலாம் என்பதைத்தான் ஒப்பந்தம் தீர்மானிக்கும். உட்கார்ந்தவர் ஒழுங்காக ஆண்டாரா என்பதை ஜனங்கள்தான் தீர்மானிப்பார்கள்.

நம் ஜில்லாவில் அப்படிப் பங்கு பிரிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. வராமல் காப்பது நம் பொறுப்பு. 2006-ன் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கியது, அது நியாயமே. கூடவே வீட்டுப் பாஷையையும் படிக்க விரும்பும் பிள்ளைக்கு வாத்தியாரும் புஸ்தகமும் கொடுப்பதும் நியாயந்தான்.

ஆகவே, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் தாய்ப் பாஷையை விசாரிக்க வேண்டாம். "காலையில் பயர் ஆபீஸுக்குப் போன பெண் சாயங்காலம் உயிரோடு வீடு திரும்ப என்ன செய்யப் போகிறீர்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் இருந்தால், எந்தப் பாஷையில் சொன்னாலும் நமக்குப் புரியும்.