எழுவர் ஆடும் ஆட்டம்

பேராட்டம் ஒன்று நெருங்கினால், வெல்பவர் யார் என்று முற்கூறுவதில் நம்மவர்க்குத் தனி இன்பம். எங்கள் வங்காலையிலும் மகளிர் வலைப்பந்தாட்டம் பற்றி அத்தகைய பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால், அது பெரும்பாலும் யாழ்ப்பாணம் தந்த நெடிய வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தில் தொடங்கி அவரிலேயே முடிகிறது.

அவர் புகழ் தகுதியானதே. ஆயினும் ஆட்ட விதியை எண்ணிப் பாருங்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாகாது. 3 விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கவும் கூடாது. வலையில் எறிபவர் தமக்குரிய மூன்றிலொரு பகுதியைக் கடத்தலும் இயலாது. இடையில் நிற்போர் பந்தைக் கொணராவிடின், வலையடியில் நிற்கும் உயரம் யாது செய்யும்?

ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் இலங்கை 2018இலும் 2022இலும் சிங்கப்பூரை வென்றது, பிந்தியதில் 63–53. 2024இலோ கிண்ணம் சிங்கப்பூருக்கே சென்றது. தொடர்வெற்றி வென்றவர்க்குப் பெருமை. தோற்றவர்க்கோ அது பாடநூல் அன்றோ?

ஆதலின் முற்கூறுவோர் எழுவரையும் எண்ணுக. பள்ளிகளிற் பயிற்றுவோரும் உயர்ந்த மாணவியை மட்டும் தேடாது, விரைந்தோடிப் பந்து தரும் சிறிய உருவினளையும் களத்திற்கு அழைப்பாராக. அவள் பெயரும் நம் நாவில் வழங்குமாயின், அதுவே நல்ல சுவைஞர்க்கு அடையாளம்.