படிக்கட்டை உயர்த்தினால் போதுமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் சேலையூரில் எல்லோர் கண்ணும் வானத்தின் மேலேயே இருக்கும். மேகம் கொஞ்சம் கறுத்தால் போதும், "இந்த வருஷமும் தண்ணி வருமா?" என்ற கேள்வி டீக்கடை பெஞ்சில் தொடங்கி கோயில் வாசல் வரை கேட்கும். கேள்வி நியாயமானதுதான். அதற்கு நாம் வைத்திருக்கும் பதில் நியாயமானதா? அதைப் பற்றித்தான் நம் ஆண்டு மலரில் நாலு வார்த்தை எழுத விரும்புகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. பேப்பரில் படிக்கும்போது இதன் கனம் தெரியாது. ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2400 சதுர அடி. அதன் மேல் விழுந்த தண்ணீரை மட்டும் கணக்கிட்டால் சுமார் 1,09,000 லிட்டர் வருகிறது! கோடையில் காசு கொடுத்து வாங்குகிறோமே 12,000 லிட்டர் டேங்கர் லாரி, அதில் ஒன்பது லாரி! ஒரே நாளில், ஒவ்வொரு கிரவுண்டிலும்!

இத்தனை தண்ணீரும் எங்கே போகும்? மேற்குத் தாம்பரம், முடிச்சூர் பக்கம் விழுவது அடையாற்றைத் தேடிப் போகிறது. நம் பக்கம் விழுவது சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என்று ஏரிக்கு ஏரி இறங்கி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்தில் கடல். ஏரியின் கலங்கலையும் வரத்துக் கால்வாயையும் மறித்து நாம் மனை போட்டுவிட்டோம். குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் சதுப்பு நிலத்தைச் சுருக்கிவிட்டன. தண்ணீர் தன் பழைய பாதையை மறக்கவில்லை, நாம்தான் மறந்துவிட்டோம்.

சரி, 2015க்குப் பிறகு நாம் என்ன செய்தோம்? ஆளுக்கு ஆள் வீட்டை உயர்த்தினோம். புது வீடு கட்டுபவர் தரைமட்டத்தை ரோட்டிலிருந்து நாலடி தூக்குகிறார். வசதி உள்ளவர் ஜாக்கி வைத்துப் பழைய வீட்டையே தூக்குகிறார். போதாக்குறைக்கு, பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடும் உயர்ந்துகொண்டே வந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு உத்தரவிட வேண்டி வந்ததென்றால் நிலைமை எந்த அளவுக்குப் போயிருந்தது என்று பாருங்கள்!

என் கருத்து இதுதான். வீட்டை மட்டும் உயர்த்திக்கொள்வது முன்னேற்பாடே அல்ல, தண்ணீரை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவது. தள்ளித் தள்ளிக் கடைசியில் அது யார் வீட்டுக்குள் போகிறது? தெருக்கோடியில் பழைய ஓட்டு வீட்டில் இருக்கும் பாட்டி வீட்டுக்குள்! கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தின் அரிசி மூட்டைக்குள்! அவர்களால் ஜாக்கி வைக்க முடியுமா?

"அதுக்குத்தான் கார்ப்பரேஷன் இருக்கே, போட் அனுப்புவாங்க" என்பார்கள் சிலர். வாய்க்கால் வெட்டுவதும் ஆக்கிரமிப்பை எடுப்பதும் அரசின் கடமை, அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரைக்கு அருகே நின்று கொட்டியபோது என்ன ஆயிற்று? கரண்டு இல்லை, போனில் சிக்னல் இல்லை. படகு வரும்வரை பக்கத்து வீட்டுக்காரர்தான் துணை. முதல் நாள் எப்போதும் தெருக்காரர்களின் கையில்தான்!

ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபரில் வீசிய பெரும் புயலில் அங்கே ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். 2013இல் பைலின் புயல் வந்தபோது உயிரிழப்பு ஐம்பதைக்கூடத் தொடவில்லை. அரசு புயல் காப்பகங்கள் கட்டியது, முன்னறிவிப்புகளும் மேம்பட்டன. அதோடு கிராமத்துக்குக் கிராமம் தொண்டர்கள் பயிற்சி எடுத்தார்கள். எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவர் இருக்கிறார், எங்கே கர்ப்பிணி இருக்கிறார் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. சுமார் பத்து லட்சம் பேர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

நண்பர்களே, நாம் பாலிடெக்னிக் மாணவர்கள். நம் கையில் தொழில் இருக்கிறது!

சிவில் மாணவர்கள் சர்வே பிராக்டிகலில் லெவல் கருவியும் ஸ்டாஃபும் பிடிக்கிறோம். அதையே ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் தெருவில் செய்தால் என்ன? கல்வெர்ட்டில் ஒரு கோடு, ஒவ்வொரு வீட்டு வாசற்படியின் மட்டம், 2015லும் 2023லும் தண்ணீர் நின்ற அளவு. இவற்றைக் குறித்துவிட்டால், கல்வெர்ட்டில் தண்ணீர் எந்த அளவுக்கு ஏறினால் முதலில் யாரை எழுப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

எலக்ட்ரிக்கல் மாணவர்கள் வீடு வீடாகப் போய், தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே மெயினை அணைக்கக் கற்றுக்கொடுக்கலாம். ஈரத்தில் நின்றுகொண்டு சுவிட்ச் பக்கம் போகவே கூடாது என்று சொல்லலாம். தாழ்வாக இருக்கும் மீட்டர் பெட்டியை உயர்த்தித்தரக் கேட்டு மின்வாரியத்துக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். மெக்கானிக்கல் மாணவர்கள் சம்ப் மோட்டாரை மேலே ஏற்றி வைக்க உதவலாம். வெள்ளம் வடிந்த பிறகு சாக்கடை கலந்த சம்ப்பை இறைத்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுத்தான் புழங்க வேண்டும் என்பதையும் சொல்ல ஆள் வேண்டும். கம்ப்யூட்டர் மாணவர்கள் தெருவின் பட்டியலைத் தயார் செய்யட்டும். செல்போன் செத்துவிடும் என்பதால் அதைக் காகிதத்திலும் எழுதி மாடி வீட்டில் ஒரு பிரதி வைக்கட்டும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது அரை நாள் வேலைதான். ரேஷன் கார்டு, பட்டா, மார்க் ஷீட் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் பரண் மேல். 2015இல் சான்றிதழ் இழந்தவர்களுக்கு நகல் கொடுக்க அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது! சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஒரு வாரத்து மாத்திரை, குடிதண்ணீர், டார்ச், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். கேஸ் சிலிண்டரை மூடிக் கட்டிவைக்க வேண்டும், தண்ணீரில் அது மிதக்கும். மாநில உதவி எண் 1070, மாவட்ட உதவி எண் 1077, இரண்டையும் சுவரில் எழுதிவைக்க வேண்டும். மாடி வீட்டுக்காரர் "தண்ணி வந்தா எங்க வீட்டுக்கு வந்துடுங்க" என்று கீழ்வீட்டுக்காரரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் இதைவிடப் பெரிய முன்னேற்பாடு வேறில்லை.

அடுத்த புரட்டாசியில், மழைக்கு முன்பாக, நம் மாணவர் பேரவையும் நாட்டு நலப்பணித் திட்டமும் சேர்ந்து ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளட்டும். கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவாகவே இருக்கட்டும். கருவியைத் தூக்க நான் தயார். ஸ்டாஃப் பிடிக்க நீங்கள் வருகிறீர்களா?