எந்திரம் சொன்னால் வேதமா?

"எந்திரமே மொழிபெயர்க்கிறது, இனி மொழிபெயர்ப்பாளன் எதற்கு?" என்று கேட்கின்றனர். ஏட்டில் இருந்தால் உண்மை என்று நம்பியிருந்த நாட்டில், இன்று திரையில் தோன்றினால் தீர்ப்பு என்று தலைவணங்கத் துடிக்கின்றனர்!

தோழர்களே! 1954 சனவரித் திங்களில், நியூயார்க் நகரில், ஜார்ஜ்டவுன் பல்கலைக் கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் ஒரு காட்சி நடத்தின. சொற்கள் 250; இலக்கண விதிகள் ஆறே ஆறு; அவற்றைக் கொண்டு அறுபதுக்கு மேற்பட்ட ருசிய வாக்கியங்களை எந்திரம் ஆங்கிலமாக்கிற்று. மூன்றாண்டில், ஐந்தாண்டில் முழு வெற்றி என்று முழங்கினர். பன்னிரண்டு ஆண்டுகள் உருண்டன. 1966இல் அமெரிக்க அறிஞர் குழு ஆராய்ந்து கூறியது: எந்திரம் மனிதனைவிட மெதுவானது, பிழை மிகுந்தது, செலவோ இரு மடங்கு!

அது அன்று. இன்றைய எந்திரம், மனிதர் எழுதிக் குவித்த கோடிக்கணக்கான வரிகளைப் படித்துப் பழகுகிறது. விரைவு உண்டு; மலிவு உண்டு; மறுக்கவில்லை. ஆனால், நாம் எழுதியதைப் படித்த எந்திரத்தில் நம் அழுக்கும் ஏறாதோ?

ஏறியது! துருக்கி மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். அச்சொல்லோடு 'மருத்துவர்' சேர்ந்தால், ஆங்கிலத்தில் 'அவன்' என்றது எந்திரம். 'செவிலி' சேர்ந்தால் 'அவள்' என்றது! மூலத்தில் இல்லாத ஆணும் பெண்ணும் எங்கிருந்து வந்தனர்? ஊறிப்போன பழமையிலிருந்து! கண்டனம் எழுந்தது, 2018இல் கூகுள் இரு வடிவங்களையும் காட்டத் தொடங்கியது. தட்டிக் கேட்டபின் வந்த திருத்தம் அது!

நம் மொழிக்கு வருவோம். ஆங்கிலத்தின் 'யூ' உழுபவனுக்கும் ஒன்றே, உடையவனுக்கும் ஒன்றே. தமிழில் 'நீ'யா, 'நீங்க'ளா? தொழிலாளியை 'நீ' என்றும் முதலாளியை 'நீங்கள்' என்றும் பழைய ஏடுகள் அழைத்திருந்தால், அதுதானே எந்திரத்தின் பாடம்? மனித மொழிபெயர்ப்பாளனும் தவறுவான். ஆனால் அவனை 'ஏன்?' என்று கேட்கலாம். அவன் விடை சொல்லியாக வேண்டும். எந்திரத்தை நிறுத்திக் கேட்பது எந்த மன்றத்தில்?

எந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை, வேலை வாங்குங்கள்! தீர்ப்பு, மருந்துக் குறிப்பு, மனிதனின் மானம் ஆகியவை பற்றிய எழுத்து எதுவாயினும், மொழியறிந்த மனிதன் படித்து, திருத்தி, பொறுப்பேற்றுக் கையொப்பமிடட்டும்.

யார் சொன்னாலும் சிந்தித்துப் பார் என்று ஊருக்கு உரைத்த நாம், எந்திரம் சொன்னால் மட்டும் கைகூப்பி நிற்பதா?