கோடையில்லா நாட்டில் கோடைக் கட்டுரை

‘கோடைக்காலத்தில் ஒரு நாள்’ என்னும் தலைப்பை நம் தமிழ் வகுப்புகளில் கொடுத்துப் பாருங்கள். தாளில் வரப்போவது இன்னதென்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆறு வறண்டிருக்கும், வயல் வெடித்திருக்கும், பாட்டனார் வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருப்பார், நுங்கு விற்பவன் தெருவில் கூவிச் செல்வான். எழுதிய பிள்ளையோ தோ பாயோவின் அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை. வறண்ட ஆற்றை அது கண்டதில்லை. ஆயினும் ‘வருணனை நன்று’ என்னும் பாராட்டும் மதிப்பெண்ணும் அதற்குக் கிடைக்கின்றன. இவ்வழக்கம் பொய்யை வளர்க்கிறது. அதனினும் மேலாக, தமிழை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறது என்பதே என் குற்றச்சாட்டு.

முதலில் உண்மையை நோக்குவோம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே இருக்கிறது. இங்கே கோடை என்றொரு பருவமே இல்லை. சராசரி வெப்பத்தில் மே மாதத்திற்கும் சனவரிக்கும் இடையே இரண்டு பாகை வேறுபாடுகூட இல்லை. இந்நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பம் 37 பாகை செல்சியஸ். 1983 ஏப்ரல் 17ஆம் நாள் தெங்காவிலும், 2023 மே 13ஆம் நாள் அங் மோ கியோவிலும் அது பதிவாயிற்று. மதுரையிலோ திருச்சியிலோ அது மே மாதத்தின் சாதாரண நாள். நம்மை வாட்டுவது வெயில் மட்டுமன்று, காற்றிலுள்ள ஈரம். வியர்வை உலராத காரணத்தால் 33 பாகையே நமக்கு உலைக்களமாகிறது.

அவ்வாறிருக்க, ஜூன் மாதப் பள்ளி விடுமுறையைக் ‘கோடை விடுமுறை’ என்று எழுதுவது எதனால்? ‘பன்னிரண்டு மணி உச்சி வெயில்’ என்று எழுதுவது எதனால்? 1982ஆம் ஆண்டு முதல் நம் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. ஆகவே இங்கே கதிரவன் உச்சியை அடைவது பிற்பகல் ஒரு மணியை ஒட்டியே ஆகும். அவன் எழுவதும் ஆண்டு முழுவதும் ஏழு மணியளவிலேதான். சன்னலைத் திறந்து பார்த்த பிள்ளைக்கு இது தெரியும். மனப்பாடம் செய்த பிள்ளைக்குத் தெரியாது.

‘இது மரபு, மரபைக் கெடுக்கலாமா?’ என்பார் உளர். மரபு யாது என்பதைத் தொல்காப்பியத்தையே கேட்போம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறது அது. பாடுபவன் நிற்கும் நிலமும் வாழும் பொழுதும் முதலில் வரவேண்டும், மற்றவை பின்னர். நிலத்தையும் பொழுதையும் கடன் வாங்கி எழுதும் கட்டுரையே மரபைக் கெடுப்பது. பெரும்பொழுதாகிய வேனில் நமக்கு இல்லாவிடினும் சிறுபொழுது உண்டு. நம் வெப்பம் மாதத்தால் மாறுவதன்று, மணியால் மாறுவது. தோ பாயோ வீடொன்றின் ஒரு நாளை அவ்வகையில் பகுத்துக் காணுங்கள்.

வைகறை. பிள்ளை இருட்டிலேயே பள்ளிக்குப் புறப்படுகிறது. இரவெல்லாம் மின்விசிறி சுழன்றும் கற்காரைச் சுவர் நேற்றைய வெம்மையை இன்னும் முழுதாக விடவில்லை.

காலை. தாய் ஈரத்துணிகளை நீண்ட மூங்கில் கழிகளில் கோத்து, அடுக்களைச் சன்னலுக்கு வெளியே நீட்டிச் செருகுகிறாள். பத்தாம் மாடியில் அது தோள் வலிமையும் துணிவும் வேண்டும் வேலை. பின்னர்ச் சந்தைக்குச் சென்று வந்து, காற்றுப் புகாத சிற்றடுக்களையில் அடுப்பின்முன் நிற்கிறாள். வீட்டு வெப்பத்தின் பெரும்பங்கைச் சுமப்பவள் அவளே. நம் கோடைக் கட்டுரைகளில் அவளுக்கு ஒரு வரியேனும் உண்டா?

நண்பகல் கடந்து எற்பாடு. மேற்கு நோக்கிய வீடானால் வெயில் கூடத்தின் நடுவரை வருகிறது, திரைச்சீலை இழுக்கப்படுகிறது. திடீரென வானம் கறுக்கிறது. ‘மழை! துணி!’ என்று அடுத்த வீட்டுச் சீனப் பாட்டியோ மலாய்த் தாயோ கதவைத் தட்டுகிறார். பொது நடைவழியில் கதவுகள் வரிசையாகத் திறக்கின்றன, கழிகள் உள்ளிழுக்கப்படுகின்றன. இக்காட்சிக்கு ஈடான சிங்கப்பூர்க் காட்சி வேறுண்டோ?

யாமம். மின்கட்டணத்தைக் கருதி ஓர் அறையில் மட்டும் குளிரூட்டி ஓடுகிறது. பாட்டி முதல் பேரன் வரை அவ்வோர் அறையிலேயே பாய் விரித்துப் படுக்கின்றனர். வறண்ட ஆறும் வேப்பமரமும் தர இயலாத வாழ்க்கை இதில் இருக்கிறது.

‘அடுக்குமாடியும் மின்விசிறியும் இலக்கியப் பொருளாகுமா?’ என்பது அடுத்த கேள்வி. தோ பாயோ என்னும் பெயரே ஒரு விடை. ‘தோ’ என்பது ஹாக்கியன் மொழியில் பெரியது. ‘பாயா’ என்பது மலாயில் சதுப்பு நிலம். அப்பெருஞ்சதுப்பைத் திருத்தி, 1960களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நகரொன்றை எழுப்பியது. மண் திருந்தியது, மக்கள் குடியேறினர், வாழ்க்கை மாறியது. இதனைவிடப் பெரிய பாடுபொருள் எது? மருதமும் நெய்தலும் ஒரு காலத்தில் அங்கு வாழ்ந்தோரின் அன்றாட நிலங்களே அல்லவா?

‘தேர்வில் மதிப்பெண் வேண்டுமே’ என்பது மூன்றாவது தடை. மதிப்பெண் இடுவோர் நம்மவரே. திருத்தும் கை மாறினால் எழுதும் கையும் மாறும்.

தமிழகத்து வேனிலைப் பாடும் நூல்களைப் படிக்க வேண்டா என்று நான் சொல்லவில்லை. அவை நம் செல்வம், படித்துத்தான் ஆகவேண்டும். படிப்பது வேறு, பிறர் கண்டதைத் தான் கண்டதாக எழுதுவது வேறு.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளருள் வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நூற்றுக்கு 3.3, 2020இல் 2.5. ஆங்கிலமோ அதே பத்தாண்டுகளில் 32.3இலிருந்து 48.3 ஆக உயர்ந்தது. கட்டுரைப் பாடம் ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறேன். ஆயினும் எண்ணிப் பாருங்கள். காணாத ஆற்றுக்குத் தமிழும், நாள்தோறும் காணும் நடைவழிக்கும் மின்கட்டணத்திற்கும் ஆங்கிலமும் என்று ஒரு பிள்ளை பாகுபாடு செய்துகொண்டால், எந்த மொழி அதன் வீட்டில் தங்கும்? கழி, செருகு, புழுக்கம், கசகசப்பு, தூறல், சாரல் ஆகிய அனைத்தும் நம்மிடம் உள்ள சொற்களே. அவற்றை வீட்டிற்கு அழைப்பார் இல்லை.

ஆசிரியப் பெருமக்களே! அடுத்த முறை ‘கோடைக்காலம்’ என்னும் தலைப்பை ஒதுக்கிவிட்டு, ‘நேற்றுப் பிற்பகல் மூன்று மணிக்கு உன் வீட்டில்’ என்று கொடுங்கள். மாணவர்களே! வீட்டில் யார் வியர்த்தார்கள், எதனால், என்ன சொன்னார்கள் என்று கண்டு எழுதுங்கள். ஐந்து வரியே வரட்டும், பிழையும் இருக்கட்டும். பிழையைத் திருத்திக்கொள்ளலாம். அவ்வைந்து வரிக்காகத் தாயிடமும் பாட்டியிடமும் தமிழில் நான்கு சொல் கேட்டிருப்பீர்கள். அதுவே அப்பாடத்தின் முதற்பயன்.