வெளியேறும் நஞ்சும் தங்கும் நஞ்சும்

கேள்வி: எங்கள் கிணற்றுக்கு மேற்பக்கம் தோல் ஆலைக் கழிவுநீர் ஓடுகிறது. தண்ணீரில் குரோமியம் இருக்கும் என்கிறார்கள். கறவை மாட்டுக்கு அதைத்தான் காட்டுகிறோம். மாட்டுக்கு ஆகுமா? பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?
- ஈரோடு வட்டார வாசகர்

பதில்: தோல் பதனிடப் பயன்படுவது பெரும்பாலும் குரோமியம்-3. எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்ததில், அது நூற்றில் ஓரிரு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. மற்றது புழுக்கையோடு போய்விடுகிறது. கொடியது குரோமியம்-6. இரைப்பை அமிலம் அதில் ஒரு பகுதியைக் குரோமியம்-3 ஆக மாற்றிவிடும். தப்பியது ரத்தத்தில் கலந்து, பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறும். மிச்சம் ஈரல், சிறுநீரகம், எலும்பில் தங்கும். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 2 ஆண்டுகள் இதைக் குடிநீரில் அதிக அளவில் கொடுத்தபோது எலிகளுக்கு வாயிலும், சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் புற்று கண்டது.

எனவே, 'வெளியேறிவிடுமே' என்று இருந்துவிடாதீர்கள். தினமும் குடித்தால் தினமும் உள்ளே போகும். அசைபோடும் மாட்டின் வயிறு வேறு. எலிக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. சாணத்தில் போனதும் எருக்குழி வழியாக நம் காட்டுக்கே திரும்பும்.

குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. காய்ச்சினால் போகாது, நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில், 'குரோமியம் பார்க்க வேண்டும்' என்று தனியாகக் கேட்டுச் சோதியுங்கள். முடிவு வரும்வரை வீட்டுக்கும் கட்டுத்தரைக்கும் வேறு தண்ணீர் எடுங்கள். தண்ணீரில் குரோமியம் மிகுந்திருந்தால், பாலையும் சோதித்த பிறகே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.