கல்லைக் கொட்டினால் கடல் அடங்குமா?

புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் பொம்மையார்பாளையத்தைக் கடந்ததும் பிள்ளைச்சாவடியை அடைவர். சாலையிலிருந்து நோக்கினால் அமைதியான மீனவர் ஊர். கிழக்கே தெருக்களின் முடிவு வரை நடந்தால்தான் உண்மை புலப்படும். பாதி நிற்கும் சுவர்கள், எங்கும் ஏறிச் செல்லாத படிக்கட்டுகள். படகை இழுத்து வைக்கவும் வலையை உலர்த்தவும் முன்னோர் பயன்படுத்திய மணல்வெளி அலைக்குள் போய்விட்டது.

இதனைக் கடலின் சினம் என்று சொல்லிக் கடந்து போவது எளிது. ஆனால் காரணம் மனிதர் செய்தது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது இயற்கை. சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை தேய்ந்தது. நகரைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது. கல் முடிந்த இடத்துக்கு வடக்கே அரிப்பு தொடங்கியது. அங்கும் கல் கொட்ட, அதற்கும் வடக்கே கரை சரிந்தது. இவ்வாறு ஊர் ஊராக நகர்ந்துதான் அந்தத் துயரம் பிள்ளைச்சாவடிக்கு வந்து சேர்ந்தது.

நாம் இங்கே துறைமுகத்தைப் பற்றி எழுத வரவில்லை. நம் பங்குகளில் தீட்டப்படும் பணித் திட்டங்களைப் பற்றி எழுத வந்தோம். தடை ஒன்று எழும்போது நாம் செய்வதும் இந்தக் கல் கொட்டும் வேலைதான் என்பதே நம் குற்றச்சாட்டு. திட்டத்தைக் காப்பாற்றுகிறோம், அதன் சுமையை அடுத்திருக்கும் எளியவர் மீது தள்ளிவிடுகிறோம்.

பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தை அறிக்கையிடுவதே முறை. சில ஆண்டுகளுக்கு முன் நகரப் பங்கு ஒன்றைச் சேர்ந்த நாம் சிலர், பிள்ளைச்சாவடிப் பிள்ளைகளுக்காக ஒரு மாலைநேரப் படிப்பகம் தொடங்கத் திட்டமிட்டோம். கரையோரம் ஒரு கொட்டகை கிடைத்தது. நூல்கள் வாங்கினோம், இரும்புப் பெட்டி வாங்கினோம், திறப்பு விழாவுக்கு நாள் குறித்து அழைப்பிதழும் அச்சிட்டோம். விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் கடல் கொந்தளித்து, கொட்டகையையும் அதனருகே இருந்த சில வீடுகளையும் சாய்த்தது. நாம் கூடினோம். என்ன பேசினோம்? விழாவை ஒத்திவைப்பதா, வேறு கொட்டகை தேடுவதா, அழைப்பிதழை மீண்டும் அச்சிட ஆகும் செலவை யார் ஏற்பது என்று மூன்று வாரம் விவாதித்தோம். பெட்டியை எடுத்து வர ஊருக்குள் சென்றபோது மீன் விற்கும் மூதாட்டி ஒருவர் கேட்டார்: “ஐயா, பெட்டி பத்திரமா இருக்குதா? சரி. புள்ளைங்க எங்க இருக்குதுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?”

நாம் வாயடைத்து நின்றோம். பிள்ளைகள் மேற்குத் தெருக்களில் உறவினர் வீடுகளில் இருந்தார்கள். ஐந்து நிமிட நடை. மூன்று வாரத்தில் நம்மில் எவரும் அங்கே நடக்கவில்லை.

நம் பங்குகளில் பலவற்றின் கதை இதுதான். திட்டம் தீட்டும்போது மக்களுக்காகத் தீட்டுகிறோம். வரைபடமும் நன்கொடையும் கல்வெட்டும் வந்து சேர்ந்தபின் மக்கள் திட்டத்துக்காக இருக்க வேண்டியவர்களாகி விடுகிறார்கள். பிறகு தடை வந்தால், தடுக்கப்பட்டது நம் பெயர் என்றே நமக்குத் தோன்றுகிறது. அப்போது நம்மிடையே இரு குரல்கள் எழுகின்றன. “இது அலகையின் சோதனை, ஓரடியும் பின்வாங்கக் கூடாது” என்பது ஒன்று. “இது கடவுளின் சித்தம், விட்டுவிடுவோம்” என்பது மற்றொன்று. முன்னது பிடிவாதத்துக்கு நம்பிக்கை என்று பெயர் சூட்டுகிறது. பின்னது சோம்பலுக்குப் பணிவு என்று பெயர் சூட்டுகிறது. இரண்டுமே மக்களைத் தேடிச் செல்லும் உழைப்பிலிருந்து நம்மை விடுவித்து விடுகின்றன. மனிதர் கட்டிய சுவர் விளைத்த கேட்டைக் கடவுளின் தலையில் சுமத்துவது எந்தப் பக்தியில் சேரும்?

திருத்தூதர் பணிகள் நூலின் 16ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போமாக. பவுல் ஆசியாவில் போதிக்க விரும்பினார். தூய ஆவியார் தடுத்தார். பித்தினியாவுக்குச் செல்ல முயன்றார். அங்கும் வழி அடைபட்டது. அவர் அடைத்த கதவை இடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் படுத்துக்கொள்ளவும் இல்லை. துரோவா வரை நடந்தார். மாசிதோனியர் ஒருவர் தம்மை அழைப்பதாகக் காட்சி கண்டதும் கடல் கடந்தார். பிலிப்பியில் அவரை எதிர்கொண்டவர்கள் யார்? நகர வாயிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்கள். அவர்களுள் செந்நிற ஆடை விற்ற லீதியாவின் இல்லமே அவ்வூரில் பணியின் இருப்பிடமாயிற்று. பயண வழி இருமுறை மாறியது. பயணத்தின் நோக்கம் மாறவில்லை.

தொலைவில் ஏன் சான்று தேட வேண்டும்? நம் புதுவைக் கரையிலேயே ஒன்று உண்டு. பாரிசு வேதபோதக சபையினர் 17ஆம் நூற்றாண்டில் சயாம் நாட்டின் அயுத்தியாவில் ஒரு குருமடம் தொடங்கினர். கீழை நாடுகளின் மைந்தரைக் குருக்களாக உருவாக்குவதே அதன் நோக்கம். பர்மியப் படையெடுப்பின்போது அங்கிருந்தோர் ஓட நேர்ந்தது. அயுத்தியா 1767இல் அழிந்தது. குருமடம் கம்போசக் கரையோரம் ஹோன்தாத் என்னுமிடத்தில் எளிய குடிசைகளில் மீண்டும் இயங்கியது. 1769இல் அங்கும் கொள்ளையர் தாக்கினர். அதன் தலைவர் பிஞ்ஞோ தெ பெஹேன் 1770இல் மாணவரோடு வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? அரியாங்குப்பத்தை அடுத்துள்ள நம் வீராம்பட்டினம். அந்த மீனவர் ஊரில் குருமடம் மறுபடியும் தொடங்கியது. அவர் வியத்நாம் மொழி – இலத்தீன் அகராதியைத் தொகுத்ததும் புதுவையில் இருந்த அவ்வாண்டுகளில்தான். வீராம்பட்டினத்திலும் அது நிலைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கில் மீண்டும் எழுந்தது. அயுத்தியாவின் கட்டடத்தை மீட்பதே கடமை என்று அவர்கள் அங்கேயே நின்றிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? குருமடம் என்பது மாணவர் என அறிந்திருந்ததால், மாணவர் சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். “நம் சம்பா கோவிலை முன்னோர் விட்டுக்கொடுத்தார்களா? டச்சுக்காரர் 1693இல் புதுவையைப் பிடித்தபோது ஆலயம் அழிந்தது. ஆங்கிலேயர் 1761இல் நகரையே தரைமட்டமாக்கியபோது மீண்டும் அழிந்தது. ஆயினும் 1770இல் தொடங்கி 1791இல் இன்றுள்ள பேராலயத்தைக் கட்டி முடித்தார்களே! அது பிடிவாதம் இல்லையா?” நியாயமான கேள்வி. நம் மறுமொழி இதுதான்: கோவில் இடிந்த பின்னும் மக்கள் அங்கே இருந்தார்கள். மக்கள் இருந்ததால் கோவில் எழுந்தது. விடாமுயற்சியை நாம் பழிக்கவில்லை. எதை விடாமல் பற்றுகிறோம் என்பதே கேள்வி.

ஆகவே அருள்பணிப் பேரவைகளிலும் அன்பியங்களிலும் அமரும் பொதுநிலையினர், ஒரு திட்டம் தடைபடும்போது மூன்று கேள்விகளையேனும் துணிந்து கேட்க வேண்டும். இத்திட்டம் யாருக்காகத் தொடங்கியதோ அவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? இத்தடைக்குக் காரணம் என்ன. அதில் மனிதர் கை உண்டா. உண்டாயின் நாம் யாரிடம் முறையிட வேண்டும்? திட்டத்தை மாற்றாவிடில் அதன் விலையைச் செலுத்தப் போவது யார்? இவற்றைக் கேட்பவரைப் பங்குத் தந்தைக்கு எதிரானவர் என்று முத்திரை குத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த வழக்கம் ஒழிய வேண்டும். பணியைத் தம் பணியாக நேசிப்பவரே இவற்றைக் கேட்பர்.

கடலோடு மல்லாடிய பொறியாளர்களும் தம் வழியை மாற்றிக்கொண்டார்கள். 2018இல் புதுவைத் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்கடியில் ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை அமைத்தார்கள். அலையின் வேகம் தணிந்தது. பல்லாண்டு காணாதிருந்த மணல் அங்கே திரும்பியது. பொறியியல் கற்றுக்கொண்ட பாடத்தை மேய்ப்புப்பணி கற்கலாகாதா?

நம் படிப்பகத்துக்குத் திறப்பு விழா நடக்கவில்லை. இளைஞர் இருவர் வாரந்தோறும் நூல்களை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு மேற்குத் தெருக்களின் திண்ணைகளுக்குச் சென்றனர். முதல் வாரம் நான்கு பிள்ளைகள் வந்தார்கள், மழைக்காலத்தில் அதுவும் குறைந்தது, பிறகு கூடியது. ஆண்டறிக்கையில் இடுவதற்கு ஒரு நிழற்படமும் இல்லை என்பதால் ‘பிள்ளைச்சாவடித் திட்டம் நிறைவேறவில்லை’ என்றே எழுதப்பட்டது. அந்த வரியை நாம் மறுக்கவில்லை. ஆனால் அம்மூதாட்டி இன்னொரு முறை நம்மை வழிமறித்துக் கேட்டால், பிள்ளைகள் எந்தெந்தத் திண்ணையில் இருக்கிறார்கள் என்று இப்போது நம்மால் சொல்ல முடியும்.