30 நாள் நோட்டீஸ் யாருக்குப் பாதுகாப்பு?

சொந்தமாக வேலை எடுத்துச் செய்யும் மொழிபெயர்ப்பாளர்கள், டிசைனர்கள், புரோகிராமர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. ‘இரு தரப்பில் எவரும் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் போதும், கிளையன்ட் திடீரென்று கழற்றிவிட முடியாது என்கிற நம்பிக்கை. ரேட்டுக்காக ஒரு வாரம் பேரம் பேசுகிறவர்கள்கூட இந்த வரியைப் பார்த்ததும் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த நிம்மதிக்கு எந்த ஆதாரமும் இல்லை.

இந்த வரியின் பிறந்த வீடு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். மாதச் சம்பளக்காரருக்கு நோட்டீஸ் காலத்திலும் சம்பளம் ஓடும். வேலை கொடுக்காமல் சும்மா உட்கார வைத்தாலும் மாதக் கடைசியில் பணம் வந்துவிடும். அவரைக் காப்பாற்றுவது அந்தச் சம்பளம்தான். ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தத்துக்கு இதைப் பெயர்த்துக்கொண்டு வந்தவர்கள் நாள் கணக்கை மட்டும் கொண்டுவந்தார்கள். சம்பளத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

விளைவு எப்படி இருக்கும்? சொல்லுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்ட ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றாம் தேதி காலையில் மின்னஞ்சல் வருகிறது, இன்றிலிருந்து 30 நாளில் ஒப்பந்தம் முடிகிறது என்று. மாலைக்குள் கூகுள் டிரைவில் அவருக்கு இருந்த அனுமதி போய்விடுகிறது. வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கிவிடுகிறார்கள். அடுத்த 30 நாளில் ஒரு பக்கம்கூட வரவில்லை. கிளையன்ட் ஒப்பந்தத்தை மீறினாரா என்றால், இல்லை. மாதம் இத்தனை பக்கம் தருவேன் என்று அவர் எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. நோட்டீஸ் முறைப்படி வந்தது, கெடு முறைப்படி முடிந்தது, அந்த மாதத்துக்குப் போட பில் எதுவும் இல்லை.

ஃப்ரீலான்ஸரே விலக நினைத்தாலோ கதை வேறு. அப்போது அந்த 30 நாளும் வேலை வந்து குவியும். ஹேண்ட்ஓவர் முடியவில்லை என்று சொல்லிக் கடைசி பில்லை நிறுத்தி வைப்பார்கள். எழுத்தில் இரு தரப்புக்கும் சமமாக இருக்கும் நிபந்தனை, நடைமுறையில் ஒருவரை மட்டுமே கட்டிப்போடுகிறது.

சட்டம் கைகொடுக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமிர்தசரஸில் ஒரு கேஸ் விநியோகஸ்தரின் உரிமையை இந்தியன் ஆயில் நிறுவனம் ரத்து செய்தது. ரத்து செல்லாது, உரிமையைத் திருப்பிக் கொடு என்றார் நடுவர். 1990-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 30 நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தம் இது. ரத்து செய்தது தவறாகவே இருந்தாலும் அந்த 30 நாள் வருமானத்துக்கு மட்டுமே ஈடு கிடைக்கும் என்றது. ஃப்ரீலான்ஸர் ஒவ்வொருவரும் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. நடுவில் விலக வழியில்லாத ஆறு மாத ஒப்பந்தத்தை இரண்டாம் மாதமே கிளையன்ட் முறித்தால், மீதி நான்கு மாத இழப்பைக் காட்டி 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின்கீழ் ஈடு கேட்கலாம். இடையில் வேறு வேலை தேடிக்கொள்ள முயன்றாரா என்று பார்த்துத் தொகை குறையலாம், ஆனால் கேட்பதற்கு உரிமை உண்டு. நோட்டீஸ் வரியைச் சேர்த்த கணமே அந்த நான்கு மாதம் ஒரு மாதமாகச் சுருங்கிவிடுகிறது. கேடயம் என்று நம்பியது இழப்பீட்டுக்கு உச்சவரம்பாகிறது.

ஜெர்மனி இதை நேராகக் கையாண்டிருக்கிறது. ஒரு வேலையை முடித்துக் கொடுக்கும் ஒப்பந்தத்தில், வேலை முடியும்வரை எப்போது வேண்டுமானாலும் வாடிக்கையாளர் விலகலாம் என்கிறது அதன் சிவில் சட்டத்தின் 648-ஆம் பிரிவு. நோட்டீஸ் காலம் எதையும் அந்தப் பிரிவு கேட்கவில்லை. ஆனால் பேசிய தொகையைக் கொடுத்தாக வேண்டும். வேலை நின்றதால் ஒப்பந்ததாரருக்கு மிச்சமான செலவையும், அந்த நேரத்தில் அவர் வேறிடத்தில் சம்பாதித்ததையும் கழித்துக்கொள்ளலாம். விரிவான கணக்குக் காட்ட முடியாதபோது, செய்யாத பகுதிக்குரிய தொகையில் 5 சதவீதம் அவருக்குச் சேரும் என்று சட்டமே அனுமானித்துக்கொள்கிறது. நியூயார்க் நகரம் 2017-இல் நடைமுறைப்படுத்திய ஃப்ரீலான்ஸர் சட்டமும் நோட்டீஸைப் பிடித்துத் தொங்கவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று பணத்தின் பக்கமே போனது.

நோட்டீஸ் காலத்துக்கும் பணம் வேண்டும் என்று நிபந்தனை போட்டால் வேலையே வராது என்பார்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்தவருக்கு அது உண்மையும்கூட. பெரிய நிறுவனம் நீட்டும் அச்சடித்த ஒப்பந்தத்தில் ஒரு வரியை மாற்றுவதே கடினம். அப்படிப்பட்டவர் அட்வான்ஸைக் கூட்டிக் கேட்கலாம், மாதத்துக்கு ஒன்றாகப் போடும் பில்லை வாரத்துக்கு ஒன்றாகப் போடலாம். எந்த நாளில் கழற்றிவிட்டாலும் மாட்டிக்கொள்ளும் தொகை ஒரு வாரத்துக்கு மேல் போகாது. பேரம் பேச வலு உள்ளவர்கள், நோட்டீஸ் காலத்துக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றை எழுதி வாங்காமல் அந்த வரிக்குச் சம்மதிப்பது தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ளும் அநியாயம்.

முடித்துக் கொடுத்த வேலைக்கு இங்கேயும் சட்ட பலம் உண்டு, கேட்பவர்கள்தான் குறைவு. அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்திருக்கும் குறு, சிறு சேவையாளருக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடித்தால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டம். எழுதிக் கையெழுத்திடாமல் பதிப்புரிமை கைமாறாது என்கிறது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. கடைசி பில் வரை பணம் வந்த பிறகே உரிமை மாறும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், ஹேண்ட்ஓவரைச் சாக்காக வைத்துப் பணத்தை நிறுத்தும் கிளையன்ட், அந்த மொழிபெயர்ப்பையோ மென்பொருளையோ தன் சொத்தென்று சொல்லி வேறொருவருக்கு விற்க முடியாது.